ஈய எழுத்துகள்

கோட்டோர் விரிகுடாவில் கப்பல் நங்கூரமிட்டபோது காலை மணி ஏழரை. மாலை ஐந்தரைக்குள் பயணிகள் அனைவரும் திரும்பிவிட வேண்டும் என்ற அறிவிப்பு மூன்று மொழிகளில் ஒலித்தது. பேராசிரியர் மூன்றையும் முழுமையாகக் கேட்ட பிறகே காலணியின் நாடாவைக் கட்டினார். மொழியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. இந்தக் கடற்பயணம் மகள் அளித்த ஓய்வுக்காலப் பரிசு. மனைவி மறைந்த பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்தவரை வெளியே அழைத்துவர அவள் கண்ட வழி அது.

மகளின் திட்டத்தில் கோட்டோரின் பழைய நகரமும் அதன் மதிலும் இருந்தன. 1420 முதல் 1797 வரை வெனிஸ் குடியரசின் ஆளுகையில் இருந்த துறைமுகம் அது. ஊரின் முதுகுப்புறம் செங்குத்தாக எழும் மலையின் மேல் மதில் ஏறிச் செல்கிறது. 1979 ஏப்ரலில் வந்த நிலநடுக்கம் ஊரை உலுக்கியது. அதே ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்ப்பதற்கு ஒரு முழுநாள் போதாது. ஆனால் பேராசிரியர் மலையின் உச்சியைக் காட்டினார்.

“மதில் வேண்டாம்மா. அந்த மலைக்குப் பின்னால ஒரு ஊர் இருக்கு. செட்டிஞே. அங்க போகணும்.”

“அங்க என்னப்பா இருக்கு?”

“முப்பது வருஷமா வகுப்புல சொல்லிட்டிருந்த ஒரு உதாரணம் இருக்கு.”

மொழி எது, வட்டார வழக்கு எது என்ற பாடத்துக்கு அவர் ஒவ்வோர் ஆண்டும் யூகோசுலாவியாவையே எடுத்துக்காட்டினார். இந்தியத் துறைகளில் படித்த பலரும் அந்தப் பாடத்தை வெவ்வேறு ஆசிரியர்களிடம் கேட்டிருப்பார்கள். ஒரு மொழியாக இருந்தது, நாடு உடைந்த பின் நான்கு பெயர்களாகப் பிரிந்தது. செர்பியம், குரோவாசியம், பொசுனியம், இறுதியாக மாண்டினீக்ரோவின் மொழி. கரும்பலகையில் நான்கு பெயர்களையும் எழுதி, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிகிறதே என்று கேட்டு, மாணவர்களைச் சிரிக்க வைப்பார். அந்த நிலத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

துறைமுக வாயிலில் ஒரு வாடகைக் காரை மகள் பேசி அமர்த்தினாள். ஓட்டுநர் செட்டிஞேயிலேயே பிறந்தவர், ஐம்பதைக் கடந்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசினார். நான்கரை மணிக்குத் துறைமுகத்தில் இறக்கிவிடுவதாக உறுதி சொன்னார்.

கடலை ஒட்டிய ஊரிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் அந்தப் பாதையில் இருபத்தைந்து கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோசிப் ஸ்லாதே என்ற பொறியாளர் வகுத்த சாலை இது. அதற்கு முன் கோவேறு கழுதைகள் ஏறிய ஒற்றையடிப் பாதைதான். மேற்கத்தியப் பயணிகள் அதற்கு வைத்த பெயர் ‘கோட்டோரின் ஏணி’. மலைமக்கள் பாலாடைக்கட்டியும் விறகும் உருளைக்கிழங்கும் சுமந்து அவ்வழியே இறங்குவார்கள். கோட்டைக்கு வெளியே கூடிய சந்தையில் விற்றுவிட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். சந்தைக்குள் நுழையுமுன் ஆயுதங்களைக் காவலில் ஒப்படைக்க வேண்டும். கீழே வெனிஸ், பின்னர் ஆஸ்திரியா. மேலே எவருக்கும் முழுமையாகப் பணியாத கருமலை. அந்நாட்டின் பெயருக்கே ‘கருமலை’ என்றுதான் பொருள்.

வரைபடத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்த மகள், இலத்தீன் எழுத்தில் எழுதியிருந்த ‘என்’னையும் ‘ஜே’யையும் தனித்தனியே ஒலித்துத் தடுமாறினாள். பேராசிரியர் கையேட்டின் ஓரத்தில் தமிழில் ‘செட்டிஞே’ என்று எழிதிக் காட்டினார். இந்த மெல்லின ஒலிக்குச் சிரில்லிக் வரிவடிவிலும் தனி எழுத்து உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வூக் கராஜிச் செர்பிய எழுத்துமுறையைச் சீர்திருத்தியபோது பழைய இரண்டு எழுத்துகளை ஒட்டி அதனை உருவாக்கினார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது அவர் கொள்கை. “நமக்கு அந்த வேலை மிச்சம். ஞகரம் ஏற்கெனவே கையில இருக்கு” என்றார் பேராசிரியர். பல மாதங்களுக்குப் பின் அவர் குரலில் வகுப்பறையின் உற்சாகம் வந்திருந்ததை மகள் கவனித்தாள்.

வளைவுகள் முடியும் இடத்தில் ஓட்டுநர் காரை நிறுத்தினார். கீழே விரிகுடா ஒரு நீலத் தட்டுப் போலவும் அவர்கள் வந்த கப்பல் அதில் வைத்த வெள்ளைக் கட்டி போலவும் தெரிந்தன. சாலையின் ஒரு பகுதி மேலிருந்து பார்க்க ‘எம்’ என்ற எழுத்துப் போல வளைந்திருப்பதை அவர் காட்டினார். அரசி மிலேனாவின் மீது கொண்ட காதலால் பொறியாளர் அப்படி வரைந்தார் என்று ஊரில் ஒரு கதை. “சாலைக்கு அந்த வளைவு தேவை. கதைக்கு அந்த எழுத்து தேவை” என்று ஓட்டுநர் சொன்னதைப் பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஞேகுஷி என்ற சிற்றூர். மாண்டினீக்ரோவை ஆண்ட பெத்ரோவிச் குடியின் பூர்விகம். ஆயராகவும் ஆட்சியாளராகவும் கவிஞராகவும் விளங்கிய இரண்டாம் பீட்டர் பெத்ரோவிச் ஞேகோஷ் 1813இல் இங்கேதான் பிறந்தார். லோவ்ச்சென் மலையின் சிகரம் ஒன்றில் அவருடைய கல்லறை மாளிகை இருக்கிறது. நேரமின்மையால் அங்கே ஏறவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு பன்றித் தொடையை உப்பிட்டுப் புகையில் உலர்த்துகிறார்கள். பேராசிரியர் இறைச்சி உண்பதில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தக்காளியும் வந்தன. முள்கரண்டி விழுந்துவிட்டது. ஓட்டுநர் கடைக்காரரிடம் வேறொன்று கேட்டபோது சொன்ன சொல் ‘பிரூன்’. செர்பிய அகராதியின் வழக்கமான சொல் அதுவன்று, வெனிசியரின் சொல். கிரேக்கத்திலிருந்து வெனிசுக்குப் போய், கப்பலேறிக் கோட்டோருக்கு வந்து, கழுதை முதுகில் ஏணியேறி இந்த மேசைக்கு வந்த சொல். ஆயுதத்தை நிறுத்திய காவலர்கள் சொற்களைச் சோதிக்கவில்லை.

பேராசிரியர் அங்கேதான் தம் பழைய கேள்வியைக் கேட்டார். “நீங்கள் பேசுவது என்ன மொழி?”

ஓட்டுநர் உடனே விடை சொல்லவில்லை. தம் பள்ளிச் சான்றிதழில் செர்போ-குரோவாசியம் என்று இருப்பதாகச் சொன்னார். 1992இன் அரசியலமைப்பு அதனைச் செர்பியம் என்றது. மகள் படித்த காலத்தில் சண்டையைத் தவிர்க்கப் பாடத்தின் பெயரைத் ‘தாய்மொழி’ என்று மாற்றினார்கள். 2006இல் நாடு தனியானது. 2007இன் அரசியலமைப்பு மாண்டினீக்ரோ மொழியை ஆட்சிமொழியாக்கியது. 2011க்குப் பின் மகன் படித்த பாடத்துக்கு நான்கு மொழிகளின் பெயரும் சேர்ந்த ஒரு நீண்ட பெயர். “மூன்று சான்றிதழும் என் வீட்டில் ஒரே இழுப்பறையில் இருக்கின்றன, புரொஃபசர். இரவு உணவின்போது நாங்கள் ஒரே மாதிரிதான் பேசிக்கொள்கிறோம்.”

வகுப்பில் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. பேராசிரியரின் முகம் மலர்ந்தது. ஆனால் ஓட்டுநர் முடிக்கவில்லை. ‘நாளை’ என்பதற்குத் தம் தாய் சொன்ன சொல்லை ஒலித்துக் காட்டினார். தொடக்கத்தில் வரும் ஸகரம் நாவின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழ, மென்மையாகக் குழைந்து ஒலிக்கும். பள்ளியில் அப்படிச் சொன்னால் ஆசிரியர் திருத்துவார். நாட்டுப்புறத்தான் பேச்சு என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். 2009இல் வந்த எழுத்திலக்கணம் அந்த ஒலிக்கும் அதன் இணையான இன்னோர் ஒலிக்கும் தனித்தனி எழுத்துகளைச் சேர்த்தது. முப்பது எழுத்துகள் முப்பத்திரண்டாயின.

“அரசியல்வாதிகள் செய்த வேலை என்று பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் என் தாயின் வாயில் இருந்த ஒலி அச்சில் வந்ததை நான் என் நாற்பதாவது வயதுக்கு அருகில்தான் பார்த்தேன்” என்றார் அவர். சிறிது பொறுத்து, “என் அண்ணனும் அதே தாயின் மகன். அதே போலத்தான் ‘நாளை’ என்கிறான். ஆனால் கணக்கெடுப்பில் செர்பியம் என்று எழுதினான். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை” என்றும் சொன்னார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாண்டினீக்ரோ மக்களில் 42.88 விழுக்காட்டினர் தம் மொழி செர்பியம் என்றனர், 36.97 விழுக்காட்டினர் மாண்டினீக்ரோ மொழி என்றனர். பேராசிரியர் இந்த எண்களை அறிந்திருந்தார். அவற்றுள் ஓர் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்பதை அப்போதுதான் கண்டார். காரில் ஏறிய பிறகு அவர் பேசவில்லை.

செட்டிஞே சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சமவெளி. அட்ரியாடிக் கடலோரத்தின் இந்த மலைத்தொடர் ஐரோப்பாவிலேயே மிகுதியாக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. ஆனாலும் நிலத்தின் மேல் நீர் நிற்பதில்லை. கல்லின் துளைகள் வழியே கீழே இறங்கிவிடும். ஊருக்குப் பெயர் தந்த ஆறு ஒன்று முன்பு இங்கே ஓடியதாகச் சொல்கிறார்கள். இன்று ஆறு இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

1482இல் உதுமானியரின் அழுத்தத்தால் தாழ்நிலத்தை விட்டு மலைக்கு ஏறிய இவான் சர்னோயெவிச் என்ற ஆட்சியாளர் இவ்வூரை நிறுவினார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், 1878இன் பெர்லின் மாநாடு மாண்டினீக்ரோவைத் தனிநாடாக ஏற்றது. பேரரசுகள் எல்லாம் இந்தச் சிற்றூரில் தூதரகம் திறந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் தலைநகரம் கீழே போட்கோரிட்சாவுக்கு இறங்கிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ பதினான்காயிரம் பேர் வாழ்ந்த ஊரில் பிரான்சின் மாளிகையும் பிரிட்டனின் வீடும் ரஷ்யாவின் கட்டடமும் இன்னும் நிற்கின்றன. தூதர்கள் மட்டும் இல்லை. எலுமிச்சை மரவகையைச் சேர்ந்த நிழல்மரங்கள் என்று மகள் நினைத்தவை லிண்டன் மரங்கள் என்று ஓட்டுநர் திருத்தினார். அவற்றின் கீழே முதியவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞேகோஷ் 1838இல் கட்டிய இல்லத்துக்குப் பில்யார்டா என்று பெயர். கோட்டோரிலிருந்து ஆட்கள் அந்த ஏணிப்பாதையில் தோளில் சுமந்து ஏற்றிய பில்லியர்ட்ஸ் மேசையால் வந்த பெயர் அது. அதைப் பார்த்துவிட்டு அருகிலிருந்த மடாலயத்துக்கு நடந்தார்கள். பழைய மடம் அழிக்கப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட கற்கட்டடம். பேராசிரியர் இவ்வளவு தூரம் வந்தது இந்த ஊரின் அச்சுக்கூடத்தின் பொருட்டே. அந்தக் கதையை மகளுக்குச் சொல்லத் தொடங்கினார்.

இவானின் மகன் ஜுராஜ் இங்கே ஓர் அச்சகத்தை அமைத்தான். மக்காரியே என்ற துறவி அதனை நடத்தினார். 1494 ஜனவரி 4 அன்று ‘ஒக்டோயிஹ்’ என்ற வழிபாட்டு நூல் அச்சாகி முடிந்தது. தென் சிலாவிய மக்களிடையே சிரில்லிக் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. தமிழின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாவதற்கு 84 ஆண்டுகள் முந்தியது. இரண்டே ஆண்டுகளில் ஜுராஜ் வெனிசுக்கு வெளியேற நேர்ந்தது, அச்சகமும் நின்றது. பின்னர் 1830களில் ஞேகோஷ் ரஷ்யாவிலிருந்து ஓர் அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். புறாவின் பெயர் தாங்கிய ஓர் ஆண்டுமலர் அதில் அச்சானது. வூக் கராஜிச் தொகுத்த பழமொழிகளும் 1836இல் அதில்தான் அச்சாயின. எழுத்தறிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க மலைநாட்டில் மக்களின் வாய்ச்சொல் ஈயத்தில் ஏறியது.

“அந்த எழுத்தெல்லாம் இப்ப எங்கப்பா? மியூசியத்துலயா?”

“இல்லம்மா. ஞேகோஷ் 1851ல செத்துப்போனார். அடுத்த வருஷம் போர். குண்டு செய்ய ஈயம் இல்ல. அச்செழுத்த உருக்கிட்டாங்க.”

மகள் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “வேற வழி இருந்திருக்காதுல்ல?” என்றாள்.

“இருந்திருக்காது. உயிர் போற நேரத்துல யாரு எழுத்தப் பாப்பாங்க? நான் உருக்கினதுக்குத்தான் காரணமே இல்ல.”

மடத்தின் எதிரே இருந்த கல்திண்ணையில் அமர்ந்து அவர் சொன்னதை மகள் அதற்கு முன் கேட்டதில்லை. 1988இல் அவர் இருபத்தேழு வயது ஆய்வாளர். ஒரு நிறுவனத்தின் திட்டத்துக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் சில குடியிருப்புகளுக்குச் சென்றார். சில நூறு பேர் மட்டுமே பேசும் பேச்சு. மாரிஸ் சுவாதேஷ் வகுத்த நூறு அடிப்படைச் சொற்களின் பட்டியல் கையில் இருந்தது. கண், நீர், கல், மரம், நெருப்பு. பத்து நாள்களில் சேகரித்து, அண்டை மொழியோடு ஒப்பிட்டு, அறிக்கையில் ஒரு வரி எழுதினார்: இது தனிமொழி அன்று; வட்டார வழக்கே. அந்த வரியால் ஏதும் நிகழும் என்று அவர் எண்ணவில்லை.

மறு ஆண்டு ஓர் அஞ்சலட்டை வந்தது. அக்குடியிருப்பின் ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றியவர் எழுதியது. முதல் வகுப்புக்குத் தம் பேச்சிலேயே ஒரு சிறு பாடநூல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வட்டார வழக்குக்குப் பாடநூல் தேவையில்லை என்ற விடை வந்தது. அறிக்கையைச் சான்று காட்டியிருந்தார்கள். அட்டையின் இறுதியில் ஆசிரியர் கேட்டிருந்தார்: ஐயா, நாங்கள் பேசுவது என்ன என்று பிள்ளைகள் கேட்டால் நான் எந்தப் பெயரைச் சொல்வது?

“என்ன பதில் எழுதினீங்க?”

“எழுதல.”

அறிக்கையின் ஒப்பீடு தவறில்லை என்றே அவர் அன்றும் நம்பினார். ஒலிமாற்றங்கள் சரி, சொற்பட்டியல் சரி. இன்று யாரேனும் அதே கருவிகளோடு சென்றாலும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வரக்கூடும். ஆனால் சொல்லொற்றுமையை அளந்தவர், பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்தும் வரியையும் சேர்த்து எழுதிவிட்டார். எந்த அளவுகோல் எங்கே முடிகிறது என்பதை அவர் வாசகருக்குச் சொல்லவில்லை. வகுப்பில் நான்கு பெயர்களை எழுதிச் சிரித்த ஒவ்வொரு முறையும் அந்த அட்டை நினைவுக்கு வந்ததாகவும், அதனாலேயே சற்று அதிகமாகச் சிரித்ததாகவும் சொன்னார்.

2011 கணக்கெடுப்பின்போது இந்திய மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. அவற்றை ஆய்ந்து, தொகுத்து, 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். பத்தாயிரமும் அதற்கு மேலும் பேசுவோர் உள்ளவற்றை வகைப்படுத்தி 121 மொழிகள் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு படியிலும் அறிவார்ந்த காரணங்கள் உண்டு. அந்தப் படிகளில் எங்கோ கரைந்துபோன பெயர்களுள் அந்தக் குடியிருப்பின் பெயரும் ஒன்றாக இருக்கலாம்.

“அவங்க அதுக்கு என்ன பேரு சொல்வாங்கப்பா?” என்று மகள் கேட்டாள்.

பேராசிரியர் அவளைப் பார்த்தார். நூறு சொற்களைக் கேட்டவர் அதை மட்டும் கேட்டிருக்கவில்லை. அறிக்கையில் இட்ட பெயரை வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தார்.

மணி மூன்றாகியிருந்தது. மலைமேல் மேகம் திரண்டது. ஓட்டுநர் காரின் அருகே நின்று கையசைத்தார். இறங்கும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இருபத்தைந்து வளைவுகளையும் அவர் மெதுவாகவே கடந்தார். துறைமுகத்தில் விடைபெறும்போது பேராசிரியர் ‘நாளை’ என்ற சொல்லை அவருடைய தாயின் ஒலியில் சொல்லிப் பார்த்தார். ஓட்டுநர் சிரித்து, ஒருமுறை திருத்தினார். இரண்டாம் முறை சரியாக வந்தது.

அன்றிரவு கப்பலில் அவர் மூன்று கடிதங்கள் எழுதிக் கிழித்தார். முதலாவது விளக்கமாக இருந்தது, இரண்டாவது மன்னிப்பாக, மூன்றாவது மறுபடியும் விளக்கமாக. நான்காவது சிறியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாமதமான மறுமொழி இது என்று தொடங்கி, உங்கள் பேச்சை நீங்கள் எந்தப் பெயரால் அழைக்கிறீர்கள் என்ற கேள்வியோடு முடிந்தது. பள்ளியின் முகவரி அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

ஊர் திரும்பிய ஆறாவது வாரம் விடை வந்தது. பழைய ஆசிரியர் காலமாகிவிட்டார். இப்போதைய தலைமையாசிரியை எழுதியிருந்தார். மேலூரில் ஒரு பெயரும் கீழூரில் வேறொரு பெயரும் சொல்கிறார்களாம். தங்கள் பெயரே சரி என்று இரு ஊராரும் வாதிடுகிறார்களாம். பாட்டிமார் சிலர் மட்டும், பெயர் எதற்கு, ‘நம்ம பேச்சு’ என்றால் போதாதா என்கிறார்களாம். தாங்கள் நேரில் வந்து கேட்டால் நன்று.

பேராசிரியர் பயணச்சீட்டு எடுத்துவிட்டார். அதற்கு முன் பழைய நிறுவனத்துக்கு ஒரு தாள் அனுப்பி, 1988ஆம் ஆண்டின் அறிக்கைப் படியோடு இணைத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த ஒப்பீடு எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று அதில் எட்டு வரிகள் இருக்கின்றன. கீழே, பேசுவோர் சொன்ன பெயர்கள் என்ற தலைப்பில் இரண்டு பெயர்களும், மூன்றாவதாகப் பாட்டிமார் சொன்னதும் இருக்கின்றன.